தண்டத்தின் கிரமம்



கஞ்சாவைப் பற்றிப் பேச ஒருவன் மேடையேறினால், அவன் அதைத் தூற்றப் போகிறான் என்றோ போற்றப் போகிறான் என்றோ சபையோர் எண்ணிக்கொள்வது இயற்கை. ஆகவே, விஷயத்துக்குள் நுழையுமுன் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சா தீங்கற்றது என்னும் அபிப்பிராயம் எனக்கு இல்லை. அதைப் பயன்படுத்தத் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதை விட முடியாத நிலைக்கு ஆளாகிறார் என்பதும், இளம் பிராயத்தில் தொடங்குகிறவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் மிகுதி என்பதும், அளவுமீறிப் புகைப்போரிடையே மனக்கலக்க நோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதும் வைத்தியர்கள் ஆய்ந்து கண்டவை. என் பிள்ளைகளோ உங்கள் பிள்ளைகளோ அதை நாட வேண்டுமென்று நான் ஒருபோதும் விரும்பேன். ஆயினும், ஒரு பொருள் தீயதென்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பவனைத் தேடிப் பிடித்து விலங்கிடுவது அரசாங்கத்தின் முதற்கடமை ஆகிவிடுமா என்பது வேறொரு கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க வந்திருக்கிறேன்.

இக்கேள்வியை வெறும் தத்துவ விசாரமாக வைத்துக்கொள்ளாமல், வாக்குச்சீட்டில் அச்சிட்டு, ஊர் மக்கள் கையில் கொடுத்து, விடை பெற்ற ஒரு நகரம் உண்டு. அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியில், பியூஜெட் சவுண்டு என்னும் உள்கடலின் கரையில், மழையும் மரங்களும் மலிந்து கிடக்கும் சியாட்டில் நகரமே அது. அங்கே 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், 75-ஆம் எண் முன்மொழிவு என்ற பெயரில், நகர மக்கள் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த ஒரு சிறு சட்டம், நூற்றுக்கு 58 பேர் ஆதரவோடு நிறைவேறிற்று. அந்தச் சட்டத்தின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: வயதுவந்த ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கென வைத்திருக்கும் கஞ்சா சம்பந்தமான விசாரணையும் கைதும் வழக்கும், நகரக் காவல்துறைக்கும் நகர வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் உரிய வேலைகள் யாவற்றிலும் கடைசி வேலையாக இருத்தல் வேண்டும்.

அந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கஞ்சா குற்றமன்று என்று அது சொல்லவில்லை. விற்பனைக்கு அனுமதி கொடுக்கவில்லை. சிறுவர்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. வாகனமோட்டுகிறவனுக்கு விலக்கு வழங்கவில்லை. ஒரு நகரத்தால் அவற்றைச் செய்யவும் முடியாது. கஞ்சாவைத் தடுத்த சட்டம், சியாட்டில் அடங்கிய வாஷிங்டன் மாநிலத்தின் சட்டம். அதற்கும் மேலே, 1970-இல் இயற்றப்பட்ட மத்திய அரசாங்கத்தின் சட்டம், ஹெராயினை வைத்த அதே முதற்பட்டியலில் கஞ்சாவையும் வைத்திருந்தது. மாநிலச் சட்டப்படி அந்நாளில் 40 கிராம் வரை வைத்திருப்பது சிறு குற்றம். சிறு குற்றமென்று பெயரே தவிர, முதன்முறையாகத் தீர்ப்புப் பெறுகிறவனும் குறைந்தது 24 மணி நேரம் சிறையிலிருந்து 250 டாலர் அபராதமும் கட்டியாக வேண்டும். மேல்வரம்போ 90 நாள் சிறையும் 1,000 டாலரும். இவற்றில் ஓர் எழுத்தையும் மாற்ற நகர மக்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால், தாங்கள் வரிப்பணம் கொடுத்து வைத்திருக்கும் காவலர்களின் நேரத்தை எதற்கு முதலில், எதற்குக் கடைசியில் செலவிடுவது என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என அம்மக்கள் கருதினார்கள். சட்டத்தைத் தொடாமல் சட்டத்தின் கிரமத்தைத் தொட்டார்கள்; அதுவே இந்த உபாயத்தின் நுட்பம்.

இந்த உபாயம் சியாட்டிலில் பிறந்ததன்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகர மக்கள் 1979-லேயே இத்தகைய கட்டளையை வாக்களித்து நிறைவேற்றினார்கள். சியாட்டிலுக்கு அடுத்த ஆண்டில், 2004 நவம்பரில், ஓக்லந்து நகர மக்கள் நூற்றுக்கு 65 பேர் ஆதரவோடு அதையே செய்தார்கள்; 2007-இல் டென்வரும் அவ்வழி சென்றது. ஐடஹோ மாநிலத்து ஹெய்லி என்னும் சிற்றூரில் மக்கள் வாக்களித்த பிறகும் ஊர் அதிகாரிகளே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள்; அச்சட்டத்தின் முக்கியப் பகுதிகள் செல்லாவெனத் தீர்ப்பாயிற்று. ஆகவே எல்லா ஊர்களிலும் இது ஒரே விதமாக நடந்தேறிவிட்டதென்று நான் சொல்லவில்லை. சியாட்டிலை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே இக்கதை தொடக்கம் முதல் முடிவு வரை பதினைந்தாண்டுக் காலம் நம் கண்முன் விரிந்து கிடக்கிறது. அதில் வெற்றியும் உண்டு, குறையும் உண்டு.

நண்பர்களே, "கைது" என்னும் சொல்லை நாம் நாள்தோறும் பத்திரிகையில் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அச்சொல்லுக்குள் அடங்கிய வேலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பூங்காவின் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஒருவனிடமிருந்து புகையின் வாசனை வருகிறது. ரோந்து செல்லும் காவலர் வண்டியை நிறுத்துகிறார், பெயர் கேட்கிறார், சட்டைப்பையைச் சோதிக்கிறார், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பொட்டலம் கிடைக்கிறது. அவனை வண்டியில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொட்டலத்தை நிறுத்து, உறையிலிட்டு, முத்திரை வைத்து, எண் கொடுத்து, சான்றுப் பொருள் அறையில் ஒப்படைக்க வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். அதை மேலதிகாரி படித்துக் கையொப்பமிட வேண்டும். அது கஞ்சாதான் என்று பரிசோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பின்பு நகர வழக்கறிஞர் ஒருவர், எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர், நீதிபதி ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறைக்காவலர் ஒருவர். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அதே காவலர் தெருவை விட்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்க வேண்டும். இத்தனை பேருடைய நேரமும் அந்தச் சுண்டுவிரல் பொட்டலத்தின் மேல் செலவாகிற அதே மாலையில், அதே தெருவில், பூட்டை உடைத்துக் களவாடப்பட்ட ஒரு வீட்டின் சொந்தக்காரி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காவலரை எதிர்பார்த்து நிற்கிறாள்.

நான் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடெங்கும் கஞ்சாவுக்காக நடந்த கைதுகள் 7 இலட்சத்து 55 ஆயிரம். அவற்றில் நூற்றுக்கு 88 வெறுமனே வைத்திருந்ததற்காக நடந்தவை. அதே ஆண்டில் அந்நாட்டில் கன்னமிட்டு நடந்த களவுகளில் குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டவை நூற்றுக்குப் பதின்மூன்று அளவே. கொலைகளிலும் பத்தில் ஏறக்குறைய நாலு பங்கு துப்புத் துலங்காமல் போயின. இவ்விரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு, கஞ்சாவை விட்டால் மறுநாளே கொலைகாரன் அகப்பட்டுவிடுவான் என்று தோன்ற வேண்டியதில்லை. ஆனால், வரம்புள்ள நேரத்தைக் கையில் வைத்திருக்கும் ஓர் அரசாங்கம் அதை எங்கே கொட்டிக்கொண்டிருந்தது என்னும் விசாரம் எழாமல் இராது.

நேரத்தின் கணக்கு ஒருபுறமிருக்க, கைதுக்குப் பின் வரும் காகிதத்தின் கணக்கு ஒன்று உண்டு. அதை நான் அருகிலிருந்தே பார்த்தேன். அந்நாட்டில் நான் வசித்த காலத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்திருந்த ஒரு பையன், சக மாணவர்களோடு ஓர் இரவு கூடியிருந்தபோது, சட்டைப்பையில் இருந்த சிறு பொட்டலத்தோடு அகப்பட்டுக்கொண்டான். மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து அவன் முதலில் சொன்ன வார்த்தை, "மாமா, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பதுதான். அவனோடு நீதிமன்றத்துக்கு நானும் போனேன். காலை 9 மணிக்கே கூடம் நிரம்பியிருந்தது. பெயர் கூப்பிட்டவுடன் எழுந்து நின்ற அவன், இரவல் வாங்கிய கோட்டின் கைகள் விரல்களை மறைக்க, நீதிபதியின் கேள்விக்குத் தலையை ஆட்டினானே ஒழிய வாய் திறக்கவில்லை. "வாயால் சொல்ல வேண்டும்" என்று எழுத்தர் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்தபின் வக்கீல் எங்களை ஜன்னலோரம் அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் விளக்கினார்: சிறை ஒருநாள், அபராதம் சில நூறு டாலர், இவை பெரிதல்ல, ஆனால் போதைப்பொருள் குற்றத்துக்கென ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால், ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே தடுக்கப்படலாம், நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஒரு வரி எதிரே வந்து நிற்கும். கடைசியில் ஓராண்டு நிபந்தனைகளின் பேரில் அவ்வழக்கு தீர்ப்பெழுதப்படாமல் முடிந்தது, பையன் தப்பினான். அவனுக்கு ஒரு நல்ல வக்கீலும், ஃபீஸ் கட்டக் கைமாற்றுக் கொடுக்க நாலு பேரும் இருந்தார்கள். அன்று அதே கூடத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் எழுந்து நின்றவர்களுக்கு அவர்கள் இல்லை.

அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அந்த வரியிலிருந்து விடுதலை இல்லை. 1998-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டப்படி, போதைப்பொருள் குற்றத்தில் தீர்ப்பான மாணவன் மத்திய அரசாங்கத்தின் கல்வி உதவியை இழந்தான். வைத்திருந்ததற்கு முதன்முறையாயின் ஓராண்டுக்கு உதவி நிறுத்தப்பட்டது. 2006-இல் அவ்விதி ஓரளவு தளர்த்தப்பட்டதாயினும், அதன் பின்னும் விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும், வாடகை வீட்டுக்கு எழுதும் விண்ணப்பத்திலும், "நீ எப்போதேனும் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டதுண்டா" என்று கேட்டுச் சிறு கட்டம் ஒன்று காத்திருக்கும். புகை ஒரு நாழிகையில் கலைந்துவிடும். கட்டத்துக்குள் இட்ட குறியோ இருபது வருஷம் நின்று வேலை செய்யும். உடம்புக்குக் கஞ்சா செய்யும் தீங்கைவிட, அதைத் தடுக்க வந்த தண்டனை வாழ்வுக்குச் செய்யும் தீங்கு பெரிதாகுமானால், நோயைவிட மருந்து கொடிதாகிவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்?

இங்கே, நியாயமான மனிதர்கள் எழுப்பும் ஓர் ஆட்சேபத்தை நாம் மரியாதையோடு கேட்டாக வேண்டும். சட்டம் ஏட்டில் இருக்கும்போது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள் என்று காவலருக்குக் கட்டளையிடுவது, சட்டத்தின் பேரிலுள்ள மதிப்பையே குலைத்துவிடாதா? பிடிக்காத சட்டத்தை மாற்றட்டும். மாற்றும்வரை கீழ்ப்படியட்டும் என்பதல்லவா முறை? சியாட்டிலின் அந்நாளைய நகர வழக்கறிஞரும் இம்முன்மொழிவை எதிர்த்தார்.

இதற்கு என் சமாதானம் இதுதான். எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும், எல்லாச் சட்டங்களையும் ஒரே வேகத்தில் அமல் செய்த காவல்துறை இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. பத்து ஆட்களைக் கொண்டு நூறு வேலை செய்ய வேண்டியவன் ஒவ்வொரு காலையிலும் எதை முதலில், எதைப் பிறகு என்று முடிவு செய்துகொண்டே இருக்கிறான். அம்முடிவு காவல் நிலையத்தின் மூடிய கதவுக்குப் பின்னால், ஓர் அதிகாரியின் மனப்போக்கின்படி, ஒருவருக்கும் தெரியாமல் நடக்கும்போது அதைச் சட்ட அவமதிப்பு என்று நாம் சொல்வதில்லை. அதே முடிவை மக்கள் பகல் வெளிச்சத்தில் வாக்களித்து எழுதி வைத்தால் மட்டும் அவமதிப்பென்று எப்படிச் சொல்வது? மறைவில் இருந்த வரிசையை வெளியே கொண்டுவந்து, இதற்குப் பொறுப்பு நாங்களே என்று கையொப்பமிட்டவர்கள் சட்டத்தின் மதிப்பை உயர்த்தினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

நம்முடைய திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது காரணமின்றி நேர்ந்ததன்று. தண்டிக்கும் கோல் எப்போது செங்கோலாகிறது, எப்போது கொடுங்கோலாகிறது, எப்போது குடிகள் அஞ்சி நடுங்கும் பொருளாகிறது என்பதே அவர் அங்கே செய்யும் விசாரணை. கொலைபுரியும் கொடியோரை மன்னன் ஒறுப்பதைப் பயிரினின்று களையெடுப்பதற்கு ஒப்பிட்டவரும் அவரே. ஆனால், கள்ளுண்ணாமைக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து, குடியைப் போல் இழிந்தது வேறில்லை என்று தோன்றும்படி பாடிய அதே புலவர், அந்தப் பத்துக் குறள்களில் ஒன்றிலேனும், குடித்தவனை மன்னன் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தாயின் முகத்தைக் காட்டுகிறார், நாணத்தைக் காட்டுகிறார், தெளிந்திருக்கும்போது பிறன் குடித்துக் கிடக்கும் கோலத்தைப் பார் என்கிறார். பிறர் உயிருக்குக் கேடு சூழ்பவனுக்குக் கோல். தன் உடலுக்குத் தானே கேடு தேடுபவனுக்கு அறிவுரை, வெட்கம், சுற்றத்தாரின் கண்ணீர். இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதன்று.

மற்றோர் ஆட்சேபம் குழந்தைகளைப் பற்றியது. பிடிப்பதைத் தளர்த்தினால் இளைஞர் எல்லோரும் புகைக்கத் தொடங்கிவிடமாட்டார்களா? பெற்றோர் கேட்கும் கேள்வி. அலட்சியமாக ஒதுக்கத் தகாதது. இதற்கு வாதத்தைவிடப் பரிசீலனையே தக்க விடை. சியாட்டிலின் அச்சட்டத்தில் நான் பெரிதும் போற்றும் பகுதி இதுவே: நல்லது நடக்குமென்று நம்பிக்கொண்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வக்கீல்கள், காவல்துறையினர், போதைப்பழக்கத் தடுப்பில் அனுபவமுள்ளவர்கள், பொதுமக்கள் ஆகிய பலதரப்பினரையும் கொண்ட 11 பேர் குழு ஒன்று அமைந்து, இதனால் விளைந்தது என்னவென்று ஆராய்ந்து நகர சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சில ஆண்டுகள் கவனித்த பிறகு அக்குழு கண்டது, இளைஞரிடையே கஞ்சாப் பழக்கம் பெருகியதற்கோ, குற்றங்கள் கூடியதற்கோ, பொதுச் சுகாதாரம் கெட்டதற்கோ புலப்படத்தக்க சான்று ஏதும் இல்லை என்பதே. வானம் இடிந்து விழவில்லை. காவலரின் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சிற்று.

ஆராய்ந்து பார்ப்பது என்று சொல்லும்போது, நம் நாட்டில் நடந்த ஒரு பெரும் ஆராய்ச்சியை நினைவுகூராமல் போக முடியவில்லை. கஞ்சா என்னும் சொல்லே நம் மொழிகளிலிருந்து உலகெங்கும் சென்றதல்லவா? லண்டன் பார்லிமெண்டில் எழுந்த கேள்வியின் பேரில், 1893-இல் நியமிக்கப்பட்ட இந்திய கஞ்சா விசாரணைக் கமிஷன், சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதும் விசாரித்து, 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, மறு ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அப்போது கஞ்சாவின் மேல் சாட்டப்பட்ட பெருங்குற்றம், அது மனிதரைப் பைத்தியமாக்கி மனநோய் விடுதிகளை நிரப்புகிறது என்பது. கமிஷன் அந்த விடுதிகளின் பதிவேடுகளையே வரவழைத்து, ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் பின்னோக்கித் துருவிற்று. கண்டது என்ன? பதிவேட்டில் "காரணம்" என்றொரு கட்டம்; தெருவில் அலைந்த ஒருவனை அழைத்துவரும் போலீஸ்காரர் அந்தக் கட்டத்தை எப்படியேனும் நிரப்பியாக வேண்டும்; பூர்வோத்தரம் தெரியாதவனுக்குக் "கஞ்சா" என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதப்பட்ட ஏடுகளே பிறகு புள்ளிவிவரங்களாகி, புள்ளிவிவரங்களே அபிப்பிராயங்களாகிவிட்டன. மிதமிஞ்சிய பழக்கம் கேடு விளைப்பது. மிதமான பழக்கத்தால் சொல்லத்தக்க கேடு இல்லை. முற்றும் தடுப்பது அவசியமுமன்று, உசிதமுமன்று. வரி விதித்து வரம்புக்குள் வைப்பதே தக்கது என்பது கமிஷனின் முடிவு. இன்றைய வைத்தியம் அன்றைக்குத் தெரியாத பல அபாயங்களைக் கண்டிருக்கிறது. ஆகவே அந்த முடிவை அப்படியே இன்றைக்குப் பெயர்த்துவைக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஓர் அதிகாரி ஒரு கட்டத்தில் எழுதும் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

இனி, சியாட்டிலின் உபாயத்திலுள்ள குறையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாக நடந்தவனாகமாட்டேன். கடைசி வேலை என்பது இல்லாத வேலை ஆகிவிடாது. செய்யாதே என்று சொல்லவில்லை. கடைசியில் செய் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆகவே எவனைப் பிடிப்பது, எவனை விடுவது என்னும் முடிவு, தெருவில் நிற்கும் காவலரின் சித்தத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சித்தம் எல்லோர் மேலும் ஒரே விதமாகப் பாய்வதில்லை என்பதற்கு அந்நகரமே பிரத்தியட்ச உதாரணம் தந்தது. பின்னாளில், வைத்திருப்பது குற்றமல்லவென மாநிலச் சட்டமே மாறிய பிறகும், 2014-இன் முதல் ஆறு மாதங்களில், பொது இடத்தில் கஞ்சா புகைத்ததற்காக அந்நகரக் காவல்துறை கொடுத்த அபராதச் சீட்டுகள் மொத்தம் 83. அவற்றில் 66-ஐ எழுதியவர் ஒரே ஒரு காவலர். காவல்துறைத் தலைவரே அதை வெளியிட்டார். அச்சீட்டுகளைத் தள்ளுபடி செய்யும்படி நகர வழக்கறிஞர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். ஒரு பெருநகரத்தின் நீதி ஒரு மனிதரின் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்று எல்லோரும் கண்டார்கள். வரிசையை மாற்றுவது முதற்படிதான், அது உரிமையாகிவிடாது.

அந்நகர மக்களும் அந்தப் படியிலேயே நின்றுவிடவில்லை. 2009-இல் நடந்த தேர்தலில், 75-ஆம் முன்மொழிவை எதிர்த்த நகர வழக்கறிஞரை விலக்கி, பீட் ஹோம்ஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் 2010 ஜனவரியில் பதவியேற்றதும், வைத்திருந்தது மாத்திரமே குற்றமாயுள்ள வழக்குகளைத் தொடுப்பதில்லை என்று நிறுத்தினார். 2012 நவம்பரில் மாநிலம் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், 21 வயது நிரம்பியவர் ஓர் அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம் என்னும் சட்டமே நூற்றுக்கு 55-க்கு மேற்பட்டோர் ஆதரவில் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், கஞ்சா ஆதரவாளர்கள் ஆண்டுதோறும் கூடும் திருவிழாவில், அந்நகரக் காவலர்கள் சுமார் ஆயிரம் சிப்ஸ் பொட்டலங்களைக் கொண்டுவந்து கூட்டத்தினருக்கு விநியோகித்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒட்டியிருந்த சீட்டில், சிறுவருக்குக் கொடுக்காதே, புகைத்துவிட்டு வண்டி ஓட்டாதே, பொது இடத்தில் புகைக்காதே என்று புதிய சட்டத்தின் வரம்புகள் எழுதியிருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் எந்தக் கூட்டத்தைக் கண்டால் காவலர் கை சட்டைப்பைகளைச் சோதிக்க நீண்டிருக்குமோ, அதே கூட்டத்தினிடையே அதே கை அறிவுரைச் சீட்டை நீட்டிற்று. அறிவுரையைக் காதுகொடுத்துக் கேட்பதற்கு முதலில் பயம் நீங்க வேண்டும் என்பதை அந்தச் சிப்ஸ் பொட்டலத்தைவிடத் தெளிவாக எந்தச் சித்தாந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

கதையின் கடைசி அத்தியாயம் 2018 செப்டம்பரில் எழுதப்பட்டது. 1996 முதல் 2010 வரை, கஞ்சா வைத்திருந்ததற்காகச் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் தீர்ப்பானவர்களின் தண்டனைப் பதிவை அழித்துவிட வேண்டுமென்று நகர வழக்கறிஞர் விண்ணப்பிக்க, அந்நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் சேர்ந்து உத்தரவிட்டார்கள். ஏறக்குறைய 540 பேரின் வழக்குகள். நகர மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவே. அந்த வழக்குகளிலோ நூற்றுக்கு 46 பேர் அவர்கள். வெள்ளையரும் கறுப்பரும் கஞ்சாவை ஏறக்குறைய ஒரே அளவிலேயே புகைக்கிறார்கள் என்று அந்நாட்டு ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்க, சிறைக்கதவு மட்டும் ஒரு நிறத்தாருக்கு அகலத் திறந்து கிடந்தது. தண்டத்தின் கிரமத்தை யாரும் எழுதி வைக்காத காலத்தில், அது தானாகவே எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதை அந்த எண் சொல்கிறது.

அந்த உத்தரவு வந்தபோது, அதனால் பயன்பெற்றவர்களில் சிலருக்கு இருபதாண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. எத்தனை விண்ணப்பங்களில் அந்தச் சிறு கட்டத்துக்கு எதிரே அவர்கள் பேனாவை வைத்துத் தயங்கியிருப்பார்கள்! கிடைக்காமற்போன வேலையை எந்த உத்தரவும் திருப்பித் தராது. தீர்ப்பு எழுதுவதற்கு ஒரு காலை போதும். அழிப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

சட்டம் பயிலும் மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர்களாவீர்கள், சிலர் நீதிபதிகளாவீர்கள், சிலர் காவல்துறையின் உயர்ந்த பதவிகளில் அமர்ந்து, காலைதோறும் இத்தனை ஆட்களைக் கொண்டு இன்று எதைச் செய்வது என்று முடிவு செய்வீர்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு கிலோவுக்கு உட்பட்ட கஞ்சா சிறு அளவென வகுக்கப்பட்டிருந்தும், வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் இன்றும் குற்றம்தான். அதை மீறச் சொல்ல நான் வரவில்லை. சியாட்டிலின் வழி நமக்கு அப்படியே பொருந்துமா என்பதை நம் நிலைமைகளை அறிந்தவர்கள் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். நான் வேண்டுவது இதுவே: உங்கள் மேஜைக்கு ஒரு படிவம் வரும்போது, அதிலுள்ள வெற்றுக் கட்டத்தைப் பழக்கத்தால் நிரப்பிவிடாதீர்கள். இவனால் பிறர்க்கு விளைந்த கேடு என்ன, இவனைப் பிடிக்கச் செலவிடும் இந்த மணி நேரத்தில் வேறெவர் நம்மை எதிர்பார்த்து நிற்கிறார், இந்த ஒரு வரி இவன் வாழ்வில் எத்தனை ஆண்டு நிற்கும் என்று எண்ணிப் பார்த்து, பிறகு பேனாவை எடுங்கள்.

அன்று அந்த நீதிமன்றக் கூடத்திலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அந்தப் பையன் வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "நமக்குப் பின்னாடி கூப்பிட்டாங்களே, அவருக்கு வக்கீலே இல்லை மாமா" என்றான். தன் ஆபத்து நீங்கிய வேளையில் தனக்குப் பின்னால் நின்றவனைத் திரும்பிப் பார்க்கத் தோன்றிய அந்த உள்ளத்தை எந்தத் தண்டனையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திராது. அத்தகைய உள்ளங்களைச் சிறு பிழைக்காகச் சிதைத்துவிடாத ஒரு நீதிமுறை எல்லா நாடுகளிலும் வர வேண்டும் என்பதே என் வேண்டுதல்.